ஆங்கில மரபுத்தொடர்களின் பொருள்கோள்

ஒரு தொடரிலுள்ள சொற்கள் ஒவ்வொன்றன் பொருளையும் தனித்தனியே அறிந்த பின்னரும் அத்தொடரின் பொருள் விளங்காதாயின், அதனை மரபுத்தொடர் என்கிறோம். ஆங்கிலத்தில் இதனைக் குறிக்கும் 'இடியம்' என்னும் சொல், 'தனக்கே உரியது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்ததாகும். பிற மொழியார்க்கு எளிதிற் புலனாகாது ஒரு மொழிக்கே உரிமை பூண்டு நிற்றலின் இப்பெயர் பொருத்தமுடையதே. தமிழ் ஆராய்ச்சியாளர்க்கு ஆங்கில மரபுத்தொடர் ஆராய்ச்சி எற்றுக்கு எனின், நாம் பயிலும் திறனாய்வு நூல்களும் மொழியியல் நூல்களும் அளவை நூல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே நம்மை வந்தடைகின்றன. அந்நூல்களில் வரும் மரபுத்தொடர் ஒன்றைப் பிறழ உணரின், நடை கெடுதலோடு அமையாது, வாதமே பிறழ்ந்துவிடும். அவ்வாறு பிறழ்ந்த இரண்டு இடங்களைப் பின்னர்க் காட்டுவோம். அதற்கு முன் இத்தொடர்கள் பொருள் மறைந்து நிற்றற்குரிய காரணங்கள் சிலவற்றை நோக்குதல் வேண்டும்.

பவணந்தியார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படுத்தினார். இம்மூன்றும் ஆங்கில மரபுத்தொடர்களைப் புரிந்துகொள்ளப் பெரிதும் துணை செய்வன. சாவைச் சாவு என்று கூறாது 'இறைவனடி சேர்ந்தார்' என நாம் கூறுதல் போல, ஆங்கிலேயர் 'பாஸ் அவே' என்பர். 'கடந்து சென்றார்' என்பது அதன் சொற்பொருள். இது மங்கலம். ஆனால் 'கிக் தி பக்கெட்' என்பதும் சாவையே குறிக்கும். சொல்லுக்குச் சொல் நோக்கின் 'வாளியை உதைத்தல்' என்றாகும். இது மங்கலம் அன்று. 'மண்டையைப் போட்டான்' என நம் நாட்டார் கூறுவது போன்ற இழிவழக்கு. பெரியார் ஒருவர் மறைந்த செய்தியை 'கிக் தி பக்கெட்' என எழுதும் மாணவன் பொருளை அறிந்திருப்பினும் தகுதியை அறியாதவன் ஆவான். மரபுத்தொடரின் பொருள் என்பது அது சுட்டும் செய்தியளவில் நில்லாது, அதனை யார் யாரிடத்து எந்நிலையிற் கூறலாம் என்பதையும் உள்ளடக்கியது. அகராதிகள் இதனைக் குறியீடுகளாற் சுருங்கக் காட்டுதலின், பலர் அதனை நோக்காது செல்கின்றனர்.

இவ் வாளித் தொடர் பிரான்சிசு குரோசு என்பார் 1785-இல் வெளியிட்ட கொச்சைமொழி அகராதியில் இடம்பெற்றுள்ளது. தூக்கிட்டுக்கொள்வான் தான் ஏறி நின்ற வாளியை உதைத்துத் தள்ளுதலால் வந்தது என்பது பலரும் கூறும் விளக்கம். கொன்ற பன்றியைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடும் மரவிட்டத்திற்கு ஆங்கில நாட்டு வட்டார வழக்கில் 'பக்கெட்' என்னும் பெயர் உண்டு. அவ்விட்டத்தைக் காலால் உதைத்தலே கருத்து என்பது மற்றொரு விளக்கம். பின்னதே பொருந்தும் என எமக்குத் தோன்றுகிறது. கதையின் சுவை கருதாது வட்டாரச் சொல்லின் சான்றை நோக்குவார்க்கு முன்னதினும் இதுவே வலியுடையது.

குழூஉக்குறியைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க வேண்டும். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதை இதற்குக் காட்டாகப் பயின்றுள்ளோம். பிறர் அறியாமைப்பொருட்டு ஒரு குழுவார் வழங்கும் சொல் அது. ஆங்கிலத்தில் மாலுமிகளின் சொற்கள் இவ்வாறு மறைத்தற்பொருட்டு எழுந்தவை அல்ல. தொழிலின் தேவையால் எழுந்தவை. ஆயினும் அவை கப்பலை விட்டுக் கரையேறிய பின்னர், கடலறியாத மக்கள் வாயில் வழங்கத் தொடங்கியபோது, குழூஉக்குறியினும் இருண்டுவிட்டன. 'பை அண்டு லார்ஜ்' என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். 'பெரும்பாலும்', 'பொதுவாக நோக்குமிடத்து' என்பது இன்றைய பொருள். 'பை' என்பதற்கும் 'லார்ஜ்' என்பதற்கும் உள்ள வழக்கமான பொருள்களை எவ்வளவு கூட்டினும் இப்பொருள் வாராது. பாய்மரக் கப்பல் காற்று வரும் திசையை இயன்ற அளவு ஒட்டிச் செல்லுதலை 'பை' என்றும், காற்றுப் பின்புறமிருந்து வீச அகன்று செல்லுதலை 'லார்ஜ்' என்றும் மாலுமிகள் கூறினர். இரு நிலையிலும் நன்கு செல்லவல்ல கப்பல் நல்ல கப்பல். எந்நிலையிலும் என்னும் இக்கருத்தே எல்லாவற்றையும் சேர்த்து நோக்கின் என விரிந்து, பின் பெரும்பாலும் என நின்றது. இவ்வாறே 'டேக்கன் அபேக்' என்பது 'திடுக்குற்று நின்றான்' எனப் பொருள்படும். எதிர்க்காற்றுப் பாயை முன்புறமிருந்து தாக்கிப் பாய்மரத்தோடு அழுத்துங்கால், ஓடிய கப்பல் திடுமென நிற்கும். அத்தோற்றத்தை உளத்திற் கொண்டால் தொடரின் பொருள் தானே விளங்கும். இத்தகைய தொடர்களை லோகன் பியர்சால் ஸ்மித் 1925-இல் வெளியிட்ட 'சொற்களும் மரபுத்தொடர்களும்' என்னும் நூலில் தொழில்வாரியாகத் தொகுத்துள்ளார். அந்நூல் பழையதாயினும் இன்றும் பயன்தருவது.

இனி, சொல் இறந்தும் தொடர் வாழும் நிலை ஒன்று உண்டு. 'அக்கம்' என்பது தனித்து வழங்காதாயினும் 'அக்கம் பக்கம்' என்னும் இணைமொழியில் வாழ்கிறது. ஆங்கிலத்தில் 'கித் அண்டு கின்' என்பது உற்றார் உறவினரைக் குறிக்கும். 'கின்' என்பது உறவு. 'கித்' என்பது இத்தொடரையன்றி வேறெங்கும் இன்று வழங்குவதில்லை. பழைய ஆங்கிலத்தில் அறிமுகம், அறிமுகமான நாடு, அறிமுகமானோர் என்னும் பொருள்களைத் தந்தது. சொல் இறந்தவிடத்துப் பொருளும் மயங்கி, இரண்டும் உறவினரையே குறிப்பதாக இன்று பெரும்பாலோர் கொள்கின்றனர். இறந்த சொல்லை மக்கள் அறிந்த சொல்லாக மாற்றிவிடுதலும் உண்டு. ஷேக்ஸ்பியரின் வெனிசு வணிகன் நாடகத்தில் வரும் 'பேட்டட் பிரெத்' என்பது அடக்கிய மூச்சு. இங்குள்ள 'பேட்டட்' என்பது குறைத்தல் எனப் பொருள்படும் 'அபேட்' என்பதன் முதற்குறை. அதனை அறியாதார் 'தூண்டில் இரை' எனப் பொருள்படும் வேறொரு சொல்லின் எழுத்துக்களால் அதனை எழுதிவிடுகின்றனர். ஒலி ஒன்றாதலின் காது பிழையை அறியாது.

இவ்வினத்தில் தமிழர்க்கு நகையும் வியப்பும் ஒருங்கே தருவது 'கறி ஃபேவர்' என்னும் தொடர். ஒருவரை முகமன் கூறி மகிழ்வித்து அவர் தயவைப் பெறுதல் என்பது பொருள். ஆங்கிலத்தில் உணவைக் குறிக்கும் 'கறி' தமிழ்ச் சொல்லிலிருந்து சென்றது என அகராதி ஆசிரியர் காட்டுதலின், இத்தொடரும் விருந்திட்டு நட்புப் பெறும் நம் வழக்கத்தால் எழுந்ததாகலாம் எனச் சிலர் மயங்குவர். அது பொருந்தாது. இத்தொடரிலுள்ள சொல், குதிரையின் உடலைத் தேய்த்துத் துப்புரவு செய்தலைக் குறிக்கும் பழைய பிரெஞ்சு வினையடியாக வந்தது. 'ஃபேவர்' என்பதும் முதலில் தயவு அன்று. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மொழியில் எழுந்த 'ஃபோவெல்' என்னும் அங்கதக் காவியத்தில் அப்பெயருடைய குதிரை ஒன்று அரசாள்கிறது. உயர்ந்தோர் யாவரும் அதன் உடலைத் தேய்த்துவிடப் போட்டியிடுகின்றனர். 'ஃபோவெலைத் தேய்த்தல்' என்பதே ஆங்கிலத்திற் புகுந்தது. குதிரையை மறந்த மக்கள் 16-ஆம் நூற்றாண்டளவில் அப்பெயரைத் தயவைக் குறிக்கும் சொல்லாகத் திரித்துக்கொண்டனர். திரிந்த தொடரும் பொருந்திய பொருளைத் தந்தமையின் திரிபு நிலைபெற்றுவிட்டது. ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு இரு மொழிச் சொற்களை உறவுபடுத்தும் ஆர்வலர் இச்சிறு தொடரை ஒருமுறை எண்ணிப்பார்த்தல் நன்று.

மொழிபெயர்ப்பாலும் ஆங்கிலம் பல தொடர்களைப் பெற்றது. மயிரிழையில் தப்பினான் என நாம் கூறும் இடத்து ஆங்கிலேயர் 'பற்களின் தோலால்' தப்பினான் என்பர். பற்களுக்குத் தோல் ஏது என வினவுவார்க்கு விடை ஆங்கிலத்தில் இல்லை. விவிலியத்தின் யோபு நூலில் உள்ள எபிரேயத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தமையால் வந்தது அது. இதனினும் விந்தையானது 'கால் எ ஸ்பேடு எ ஸ்பேடு' என்பது. மண்வெட்டியை மண்வெட்டி என்றே கூறுதல், அஃதாவது உள்ளதை ஒளிக்காது உரைத்தல், என்பது பொருள். இடக்கரடக்கலுக்கு நேர்மாறான நிலை எனலாம். கிரேக்க மூலத்தில் மண்வெட்டி இல்லை. தொட்டி அல்லது மரக்கலத்தைக் குறிக்கும் சொல்லே இருந்தது. இலத்தீனிற் பெயர்த்த எராசுமசு அதனை நிலம் அகழும் கருவியைக் குறிக்கும் சொல்லாற் பெயர்த்தார். அவர் நூலை 1542-இல் ஆங்கிலமாக்கிய நிக்கலாசு உடால் மண்வெட்டியை ஆங்கிலத்திற்குத் தந்தார். உள்ளதை உள்ளவாறு கூறுதலைப் புகழும் தொடர் உள்ளதை மாற்றிப் பெயர்த்தமையாற் பிறந்தது என்பது மொழிபெயர்ப்பாளர் மறக்கலாகாத செய்தி.

தொடர்களின் பிறப்பைக் கூறும் கதைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை வேண்டும். பெருமழை பெய்தலை 'பூனையும் நாயுமாகப் பெய்கிறது' என ஆங்கிலேயர் கூறுவர். கூரையின் வைக்கோலில் உறங்கிய பூனைகளும் நாய்களும் மழையில் வழுக்கி விழுந்தமையால் இது வந்தது என்னும் கதை, 16-ஆம் நூற்றாண்டு வாழ்க்கையைப் பற்றியதாக 1999-இல் மின்னஞ்சல் வழியே உலகெங்கும் பரவியது. அதற்குச் சான்று யாதும் இல்லை. ஜொனாதன் சுவிஃப்டு 1738-இல் வெளியிட்ட உரையாடல் நூலில் இத்தொடர் வருகிறது. அதற்கு முன் 17-ஆம் நூற்றாண்டின் நாடகமொன்றில் நாயும் மரநாய் போன்றதொரு விலங்கும் மழையாகப் பெய்வதாக உள்ளது. பூனையே இல்லாத பழைய வடிவம் கூரைக் கதையை வீழ்த்திவிடுகிறது. இவ்வாறே 'ரூல் ஆஃப் தம்', அஃதாவது பட்டறிவால் வந்த தோராய விதி, கட்டைவிரல் பருமனுக்கு மேற்படாத கோலால் மனைவியை அடிக்கலாம் என்னும் ஆங்கிலச் சட்டத்தால் வந்தது என்பர். அங்ஙனம் ஒரு சட்டம் இருந்ததில்லை. 1782-இல் புல்லர் என்னும் நீதிபதி அவ்வாறு கருத்துரைத்ததாகச் செய்தி பரவ, கில்ரே என்னும் ஓவியர் அவரைக் கேலிச்சித்திரம் ஆக்கினார் என்பது உண்மை. ஆயின் தொடரோ 17-ஆம் நூற்றாண்டிலேயே வழக்கிலிருந்தது; அளவுகோல் இன்றி விரலால் அளந்த தொழிலாளர் வழக்கமே அதன் அடிப்படை. ஒரு தொடரின் பிறப்பை நாட்டும் கதை, அத்தொடர் முதன்முதல் காணப்படும் ஆண்டிற்குப் பிந்திய நிகழ்ச்சியைக் காரணமாகக் காட்டுமாயின் அதனைத் தள்ளிவிடலாம். 1884-இல் முதற்பகுதி வெளிவந்து 1928-இல் முற்றுப்பெற்ற ஆக்சுபோர்டு பேரகராதி, ஆண்டுவாரியாக மேற்கோள் தரும் முறையால் இத்தகைய கதைகள் பலவற்றின் வேரை அறுத்தது.

இலக்கண நோக்கிலும் ஒரு செய்தி கூறவேண்டும். மரபுத்தொடர்கள் யாவும் ஒரே தன்மையின அல்ல. 1994-இல் 'லாங்குவேஜ்' என்னும் இதழில் நன்பர்க், சாக், வாசோ ஆகிய மூவர் எழுதிய கட்டுரை இதனைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. 'ஸ்பில் தி பீன்ஸ்' என்பதற்கு அவரைவிதைகளைக் கொட்டுதல் என்பது சொற்பொருள்; மறையை வெளியிடுதல் என்பது மரபுப்பொருள். இங்கே கொட்டுதல் வெளியிடுதலோடும், விதைகள் மறையோடும் பொருந்தி நிற்கின்றன. ஆதலின் 'விதைகள் கொட்டப்பட்டன' எனச் செயப்பாட்டுவினையாக்கினும் மரபுப்பொருள் கெடுவதில்லை. 'வாளி உதைக்கப்பட்டது' என்றால் சாவுப்பொருள் ஓடிவிடுகிறது. உண்மை வாளியே எஞ்சுகிறது. தமிழிலும் இவ்வேறுபாடு உண்டு. 'குட்டை உடைத்தான்' என்பதனைக் 'குட்டு உடைந்தது', 'குட்டு உடைக்கப்பட்டது' எனப் பலவாறு மாற்றலாம். 'மண்டையைப் போட்டான்' என்பதனை 'மண்டை போடப்பட்டது' எனல் ஆகுமா? ஆகாது, நகைப்புக்கே இடமாகும். குட்டு மறைபொருளைச் சுட்டி நிற்க, மண்டை தனித்து எதனையும் சுட்டாமையே காரணம். நம் மொழியின் மரபுத்தொடர்களை இந்நோக்கில் வகைப்படுத்தும் பணி ஆய்வு மாணவர் ஒருவர்க்கு நல்ல பொருளாகும்.

தமிழில் ஆங்கில மரபுத்தொடர்கள் பல பெயர்ந்து வழங்குகின்றன. அலுவலகத் தாள்களைக் கட்டிய நாடாவால் வந்த 'சிவப்பு நாடா' இன்று யாவர்க்கும் விளங்குகிறது. அதனைக் குறைகூற வேண்டுவதில்லை. வீண் செலவுக்குரிய பெரும்பொருளை 'வெள்ளை யானை' என்னும்போது மட்டும் சிறிது தயங்க வேண்டியுள்ளது. தமிழ் மரபில் வெள்ளை யானை இந்திரன் ஊர்தி அன்றோ? 'முதலைக் கண்ணீர்' வந்தபின் பழையனூர் நீலியின் கண்ணீரை மறந்தோம். இரண்டும் ஒன்றல்ல. முதலை தான் பற்றிய இரையை உண்ணும்போதே அழுவதாக ஐரோப்பியர் கருதினர்; நீலியோ வணிகனைப் பற்றுதற்பொருட்டே அழுதாள். தீமை செய்துகொண்டே இரங்குவான் ஒருவன். இரங்குவது போல் நடித்துத் தீமைக்கு வழி செய்வான் மற்றொருவன். இவ்வேறுபாட்டைக் காக்க இரு தொடரும் வேண்டும் என்பது எம் கருத்து.

இனி, முன்னர்க் குறித்த இரு தொடர்களுக்கு வருவோம். முதலாவது, 'விதிவிலக்கு விதியை மெய்ப்பிக்கும்' எனத் தமிழிற் பெயர்த்து வழங்கப்படுவது. ஆராய்ச்சி அரங்குகளில் ஒருவர் ஒரு கொள்கையை நாட்டுவார். மற்றொருவர் அதற்கு மாறான சான்று ஒன்றைக் காட்டுவார். உடனே முன்னவர் இத்தொடரைக் கூறி அமர்ந்துவிடுவார். மாறான சான்று கொள்கையை எங்ஙனம் மெய்ப்பிக்கும் என எவரும் வினவுவதில்லை. இத்தொடர் சட்டநூல் வழக்கிலிருந்து வந்தது. கி.மு. 56-இல் உரோமில் பால்பசு என்பானுக்காகச் சிசெரோ வாதிட்டார். சில இனத்தாரோடு செய்த உடன்படிக்கைகளில், அவருள் யாரையும் உரோமர் குடிமகனாக ஏற்கலாகாது என விலக்கு எழுதப்பட்டிருந்தது. விலக்கு எழுதிய இடத்து ஏற்றல் ஆகாது எனின், விலக்கு எழுதாத இடத்து ஏற்றல் ஆகும் என்பது பெறப்படும் என அவர் வாதிட்டார். பின்னர் எழுந்த இலத்தீன்ச் சட்டமொழி, விலக்கு, விலக்கப்படாதவற்றின்கண் விதி உண்டு என்பதைக் காட்டும் என முழுமையாகக் கூறியது. ஆங்கிலத்தில் அதன் பிற்பாதி உதிர்ந்தமையால் வந்த குழப்பமே இது. நூலகத்தில் 'ஞாயிறன்று நூல் இரவல் தரப்படமாட்டாது' என எழுதியிருப்பின், ஏனை நாட்களில் தரப்படும் என்பது எழுதாமலே விளங்கும். அதுவே விலக்கு விதியைக் காட்டுதல்.

தமிழ் உரையாசிரியர்க்கு இது புதியதன்று. ஒரு சேரிக் கோழி வென்றது எனவே மற்றைச் சேரிக் கோழி தோற்றது என்பது தானே பெறப்படும் என அவர்கள் காட்டும் அருத்தாபத்தி இதுவே. சகரம் அ, ஐ, ஔ என்னும் மூன்றுயிரோடும் மொழிமுதல் ஆகாது எனத் தொல்காப்பியர் விலக்கினார் எனக் கொள்வோம். இந்நூற்பாவிற்குப் பாடவேறுபாடு உண்டு என்பது வேறு செய்தி. மூன்றை எடுத்து விலக்கினமையின் ஏனை உயிர்களோடு சகரம் மொழிமுதலாம் என்பது உறுதியாகிறது. இங்கே விலக்கு விதியை மெய்ப்பிக்கிறது எனலாம். ஆனால் சங்கப் பாடல்களில் சமம், சகடம் முதலிய சொற்கள் வருவதை ஒருவர் காட்டுமிடத்து, அவையும் விலக்காக நின்று விதியை மெய்ப்பிக்கும் என்பது எவ்வாற்றானும் பொருந்தாது. முன்னது விதி செய்தவனே கூறிய விலக்கு. பின்னது விதிக்கு மாறாகக் கண்ட சான்று. பின்னதற்கு அமைதி கூற வேண்டும், அல்லது பாடத்தை ஆராய வேண்டும், அல்லது விதியின் காலத்தை ஆராய வேண்டும். 'மெய்ப்பித்தல்' எனப் பொருள்படும் 'புரூவ்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குச் 'சோதித்தல்' என்னும் பழம்பொருள் உண்மையின், விலக்கு விதியைச் சோதிக்கும் என்பதே கருத்து எனச் சிலர் கூறுவர். கேட்க இனிதாயினும் சட்டமொழியின் வரலாறு அதற்கு இடந்தரவில்லை.

இரண்டாவது தொடர் 'பெக் தி குவெசன்' என்பது. 'வினாவை இரத்தல்' எனச் சொற்பொருள் கொள்வார்க்கு எதுவும் விளங்காது. அரிசுடாட்டில் தம் அளவை நூல்களில், எதனை நாட்ட வேண்டுமோ அதனையே ஒப்புக்கொள்ளுமாறு எதிரியைக் கேட்டலை ஒரு போலி எனக் குறித்தார். அது இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு, அங்கிருந்து 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் இவ்வுருவம் பெற்றது. இங்கே 'குவெசன்' என்பது வினா அன்று, வாதத்திற்குரிய பொருள். 'பெக்' என்பது பிச்சை அன்று, நாட்டாமலே பெற விழைதல். வடமொழி அளவை நூலார் சாத்தியசமம் என்னும் ஏதுப்போலியும் இதனோடு பெரிதும் ஒக்கும். 'இப்பாட்டுப் பழமையானது, பழஞ்சொற்கள் வருதலின். அவை பழஞ்சொற்கள், பழமையான இப்பாட்டில் வருதலின்' என ஒருவர் கூறின், அவர் செய்தது இதுவே. காலவாராய்ச்சியில் இவ்வட்டத்துட் சுழலும் கட்டுரைகள் இல்லை என நாம் கூற முடியாது.

இத்தொடர் இன்று செய்தித்தாள்களில் 'ஒரு வினாவை எழுப்புகிறது' என்னும் பொருளில் மிகுதியும் வழங்குகிறது. இலக்கணப் பற்றுடையார் அதனைப் பிழை என்பர். வழக்கோ மிக்கு ஓங்கிவிட்டது. படிப்பவர்க்கு வேண்டுவது எவ்விடத்து எப்பொருள் என்னும் தெளிவே. தொடரை அடுத்து ஏன், எவ்வாறு, யார் எனத் தொடங்கும் வினா வாக்கியம் ஒன்று வருமாயின் புதுப்பொருள் கொள்க. தொடர் அவ்வளவில் நின்று, பிறர் வாதம் ஒன்றைப் பற்றிய குறையாக அமையுமாயின் பழம்பொருளே கொள்ளத்தக்கது. அளவை நூல்களிலும், 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை எழுந்த திறனாய்வு நூல்களிலும் பெரும்பாலும் பழம்பொருளே பயின்று வரும்.